மூக்கை மூடாத வீடு

லோகநாதன் வீட்டுக்குள் வந்து மூக்கை மூடுகிறவர்களுக்கு அங்கே இரண்டாவது முறை சோறு கிடையாது. எண்ணூரில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் மகள் கார்குழலிக்குக் காது குத்தியபோது, ஆற்காட்டிலிருந்து வந்த மச்சினன் பெண்டாட்டி பந்தியில் உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். “இந்த நாத்தத்துல எப்படித்தான் குடித்தனம் பண்றாங்களோ” என்று பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் சொன்னது லோகநாதன் காதுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப்பின் அந்த வீட்டு வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. மாமனார் செத்தபோதுகூட வெளியே நின்று மாலையைப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறினார்.

நாற்றம் என்று அவருக்கு எதுவும் தெரிந்ததில்லை. பிறந்தது முதல் இதே காற்றுதான். மேற்கே கம்பெனிகள், வடக்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு, கிழக்கே கடல். நடுவில் தன் கையால் செங்கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய இரண்டு அறை வீடு. ஐம்பத்தாறு வயதிலும் அவர் முதுகு கூனவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல்மேல் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டும் வேலை அவருக்கு. எட்டுப் பேர் அடங்கிய குழுவுக்கு மேஸ்திரி. மேஸ்திரி ஒரு பேச்சு சொன்னால் சொன்னதுதான் என்று துறைமுகத்திலும் பேர், தெருவிலும் பேர்.

அந்தப் பேச்சில்தான் இது தொடங்கியது.

தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பாலகணேஷ் மூன்று வருஷமாக ரக்பி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வண்ணாரப்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். கடையில் உட்காராமல் முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து வெயிலில் கருத்துக்கொண்டிருந்தார். பையன்களும் பெண்களும் கலந்த பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணி. கார்குழலி அதில் ஓரத்தில் ஓடுகிறவள். பந்து கைக்கு வந்துவிட்டால் யாராலும் அவளைப் பிடிக்க முடியாது, முதல் பத்து நிமிஷத்துக்கு மட்டும். அப்புறம் இடுப்பில் கையை வைத்து நின்றுவிடுவாள். “சோம்பேறி” என்று லோகநாதன் சிரித்துக்கொண்டே சொல்வார்.

காலாண்டு விடுமுறையில் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் அணி சென்னைக்கு விளையாட வருவதாகப் பேச்சு வந்தது. பதினாலு பிள்ளைகள், ஒரு டீச்சர். எங்கே தங்கவைப்பது என்று பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினார் பாலகணேஷ்.

“ராயபுரத்துல ஒரு சர்ச் மண்டபம் கேட்டு வச்சிருக்கேன். அங்கியே படுத்துக்கிடட்டும்” என்றார்.

லோகநாதன் எழுந்தார். “சார், ஒரு நிமிசம். நம்ம ஊருக்கு ஆட வர்ற புள்ளைங்கள மண்டபத்துல படுக்க வெப்பியா? நம்ம வூடுங்கோ இன்னா இடிஞ்சா பூட்ச்சி?”

“அதுக்கில்ல மேஸ்திரி. அதுங்க மலைக்காத்துல வளந்த பிள்ளைங்க. இங்க காத்து...”

“காத்துக்கு இன்னா?”

பாலகணேஷ் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“வூட்டுக்கு ரெண்டு பேரு. ஏழு வூடு போதும். எங்க வூட்ல ரெண்டு. ஜெகதீசா, நீ இன்னா சொல்ற?”

எதிர்வீட்டு ஜெகதீசன் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். தலையைச் சொறிந்தான். “நீ சொல்லிட்ட அப்பால நான் இன்னாத்த சொல்றது மாமா? ரெண்டு பேர எழுதிக்க சார். எம் பொண்டாட்டிகிட்ட யாரு சொல்றதுன்றதுதான் பேஜாரு.”

ஏழு வீடும் முடிவாயிற்று.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். லோகநாதன் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பையன்கள். ஜெரி என்பவன் உருண்டையாக, ஓயாமல் பேசுகிறவன். நிலவன் ஒல்லி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். இரண்டு பேரும் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. கெங்கம்மா சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். விடுமுறையானதால் வீட்டில் இருந்தாள். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரமும் இறாலும் வாங்கிவந்தாள். அவளும் லோகநாதனும் ரசம் ஊற்றிக்கொண்டார்கள். பையன்களுக்கும் கார்குழலிக்கும் மட்டும் மீன்.

“துன்னு நைனா. இன்னா சொம்மா கொறிச்சுகினு கீற?”

“போதுங்க ஆன்ட்டி” என்றான் நிலவன்.

“அவன் எப்பவுமே கம்மியாத்தாங்க சாப்பிடுவான். அவன் பங்கையும் எனக்கே வைங்க” என்றான் ஜெரி.

“வவுத்துல இன்னாடா லாரியா வெச்சிகீற?” என்று சிரித்துக்கொண்டே கெங்கம்மா இன்னொரு துண்டு போட்டாள்.

கார்குழலி ஜெரியின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு மேட்ச்ல இவன உருட்டி வுட்டாலே போதும்மா. பந்தே வேணாம்.”

“நீ மொதல்ல என்னைப் பிடி பாக்கலாம்” என்றான் ஜெரி.

லோகநாதன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் விருந்தாளி வயிறாரச் சாப்பிட்டு எட்டு வருஷம் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியது. உள்ளறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, மேற்குப் பக்க ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தார். காற்று வரட்டும் என்று.

விடிகாலை நாலரைக்கு வேலைக்கு எழுந்தவர், பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். ஜெரி பாயைவிட்டு உருண்டு தரையில் கிடந்தான். கார்குழலி சுவரோரம் சுருண்டிருந்தாள். நிலவன் மட்டும் மல்லாந்து படுத்து, ஒரு துண்டை நாலாக மடித்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான்.

லோகநாதனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பையன் விழித்துக்கொண்டான்.

“இன்னா நைனா, மூக்கக் கட்டிகினு கீற?”

“வாசம் ஒரு மாதிரி இருந்துச்சுங்க அங்கிள்.”

“இன்னா வாசம்?”

பையன் அவர் முகத்தைப் பார்த்தான். “ஒண்ணும் இல்லீங்க.”

“எங்க வூட்ல யாரும் மூக்க மூட மாட்டாங்க. தெரியுதா?”

“சரிங்க அங்கிள்.”

அவர் துண்டை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று கப்பலில் வேலை கடுமை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான கம்பியை ஒற்றைக் கையால் தூக்கி, கண்டெய்னர் மூலைத் துளையில் மாட்டி, கீழே திருகை முறுக்க வேண்டும். புரட்டாசி வெயிலில் இரும்பு கையுறையையும் மீறிச் சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் லோகநாதன் குழு ஆட்களிடம் விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னார். வஞ்சிரத்தைச் சொன்னார், ஜெரியின் வயிற்றைச் சொன்னார். துண்டைச் சொல்லவில்லை.

“மேஸ்திரி வூட்ல ஆளு தங்கிகீதா? அப்ப மெய்யாலுமே மழ வரும்” என்றான் ஒருவன்.

“வாய மூடிகினு துன்னுடா.”

மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது நிலவன் இருமிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டத்தைப் பாதியோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். கெங்கம்மா ஓமமும் துளசியும் போட்டுக் கஷாயம் கொடுத்திருந்தாள்.

“ஊர் மாறி வந்துகீது. தண்ணி ஒத்துக்கல” என்றார் லோகநாதன்.

“தண்ணி கேன் தண்ணிதானே குட்த்தேன்?”

“அப்ப அம்மா நெனப்பு. வுடு, செரியாப் பூடும்.”

சாயங்காலம் டீச்சர் சுகிர்தம் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாசரேத்துக்காரி, எஸ்டேட் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. பாலகணேஷ் ராயபுரத்தில் தெரிந்த வீடொன்றில் அவளைத் தங்கவைத்திருந்தார். வாசலில் நின்றபடியே பையனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இவனுக்குச் சின்ன வயசுல இருந்தே இழுப்பு உண்டு. மலையில அவ்வளவா வராது. இன்னைக்கு ஒரு ராத்திரி எங்கூட ராயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கடல்காத்துக்குச் சரியாயிரும்.”

“இங்க மட்டும் கடலு இல்லியா?”

“இருக்கு அண்ணாச்சி. ஆனா காத்து மேக்க இருந்துல்லா வருது. எனக்கே தொண்டை எரியுது, பாத்துக்கிடுங்க.”

லோகநாதன் நிமிர்ந்து நின்றார். “எங்க வூட்ல இன்னா கொற கண்டீங்க டீச்சர்?”

“ஐயோ, கொறை சொல்லல அண்ணாச்சி. சொந்தப் பிள்ளையாட்டம் பாக்கீங்க. எனக்குத் தெரியாதா?”

“இப்ப ஒரு புள்ளைய இஸ்துகினு போனீங்கன்னா, ஊரு இன்னா சொல்லும்? மேஸ்திரி வூட்ல ஒரு நாள்கூட தங்க முடியலன்னு சொல்லும். அப்பால அந்த ஆறு வூட்டுக்கும் இன்னா மருவாதி? நாந்தானே எல்லாரையும் கேட்டு வாங்குனேன்?”

சுகிர்தம் பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து பதினாலு பிள்ளைகளுக்குப் பின்னால் அலைந்த களைப்பு அவள் கண்ணில் இருந்தது. “ஏல நிலவா, நீ என்ன சொல்லுத?”

நிலவன் லோகநாதனைப் பார்த்தான். பிறகு கெங்கம்மாவை. “இங்கியே இருக்கேன் டீச்சர்.”

“பாத்தீங்களா” என்றார் லோகநாதன்.

“இழுப்புக்கு ஸ்ப்ரே வச்சிருக்கியா?”

“இருக்குங்க டீச்சர்.”

டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனாள். கெங்கம்மா அடுப்படிக்குப் போனாள். சமைக்கிறபோது பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

புதன்கிழமை மாலை இரண்டாவது ஆட்டம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மண் மைதானம். எண்ணூர்ப் பிள்ளைகள் சிவப்புச் சட்டை, வால்பாறைப் பிள்ளைகள் பச்சை. கையால் பந்தைப் பின்னால்தான் கொடுக்கலாம், ஓடுவது முன்னால் என்ற ஆட்டம் லோகநாதனுக்கு இன்னும் புரிந்தபாடில்லை. ஆனாலும் ஓரக்கோட்டில் நின்று கத்தினார். “உடாதடி! புடி! காலப் புடி!”

ஜெகதீசன் பக்கத்தில் நின்று கேட்டான். “மாமா, உன் வூட்டுப் புள்ளைங்க ரெண்டு டீம்லயும் கீது. யாருக்குக் கத்துற?”

“ஆடுறவனுக்குக் கத்துறேன். உனுக்கு இன்னா?”

கார்குழலி அன்று பத்து நிமிஷத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள். லோகநாதனுக்கே ஆச்சரியம். இருமல் அடங்கிவிட்டது என்று டீச்சரிடம் கெஞ்சி, இரண்டாம் பாதியில் நிலவன் களத்துக்குள் வந்தான். பந்து அவன் கைக்கு வந்தது. எதிரே யாரும் இல்லை. ஐந்தாறு எட்டு வைத்தான். யாரும் தொடவில்லை, யாரும் தள்ளவில்லை. பந்தை மெல்லக் கீழே வைப்பதுபோல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே முழங்கால் மடங்கி விழுந்தான்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலிதான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “சார்! சார்!” என்று கத்தினாள்.

பையனின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. சுகிர்தம் அவன் பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து அழுத்தினாள். வெறும் சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினாள்.

“காலியா இருக்கே. கெளம்பும்போது கால்வாசி இருந்துச்சே. நான்தானே பாத்து வச்சேன்!”

லோகநாதன் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். இரும்பு தூக்கிய உடம்புக்கு அந்தப் பையன் ஒரு கனமே இல்லை. ஆனால் காதருகில் மூச்சின் சீழ்க்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்திலிருந்த ஒரு சின்ன கிளினிக்கில் பையனுக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். உள்ளே டீச்சர் இருந்தாள். வெளியே பெஞ்சில் லோகநாதனும், பின்னால் இன்னொரு ஆட்டோவில் வந்த ஜெரியும் கார்குழலியும். அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு ஜெரி, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மெதுவான குரலில் சொன்னான்.

“அங்கிள், திட்டாதீங்க. ஸ்ப்ரே காலியானது நிலவனால மட்டும் இல்லீங்க.”

“பின்ன?”

ஜெரி கார்குழலியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

“இன்னாடி?”

“அவன்தான் குட்த்தான் நைனா. நான் கேக்கல.”

“இன்னாத்த குட்த்தான்?”

“மொத நாளு நான் தூங்கச்சொல்லோ நெஞ்சு கொய்யினு சத்தம் போட்டுச்சாம். அவன் எய்ப்பி, இத்த இழுன்னு குட்த்தான். இழுத்தேன். நல்லா தூக்கம் வந்துச்சு. நேத்தும் நெறைய வாட்டி குட்த்தான். இன்னிக்கு மேட்சுக்கு முன்னாடியும்.”

“அடுத்தவங்க மருந்த எடுக்கலாமான்னு நான் கேட்டேங்க” என்றான் ஜெரி. “இவளுக்கு இங்க ஸ்ப்ரேயே இல்லையாம், நமக்குத்தான் ஊர்ல இருக்கேன்னு சொல்லிட்டான். ரெண்டாவது நாள் அவன் துண்டு கட்டலாம்னு பாத்தான். நீங்க வருத்தப்படுவீங்கன்னு கட்டலீங்க.”

லோகநாதன் மகளின் பக்கம் திரும்பினார். “உனுக்கு எப்பலேர்ந்து இப்டி கீது?”

“எப்பவுமே தான்.”

“இன்னாத்துக்குச் சொல்லல?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. “எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன் நைனா.”

டாக்டர் வெளியே வந்தார். நிலவனுக்குப் பரவாயில்லை என்றார், ஆனால் எண்ணூர்ப் பக்கம் திரும்பக் கூட்டிப்போக வேண்டாம் என்றார். லோகநாதன் எழுந்து, மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். “இத்தையும் பாருங்க சார்.” டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். எத்தனை வருஷமாக என்றார். லோகநாதன் மகளின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று நிலவன் டீச்சருடன் ராயபுரம் போய்விட்டான். வீட்டில் கெங்கம்மாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

“சத்துணவுல சோறு போடச்சொல்லோ நான் டெய்லி கேக்குறேன் அந்தச் சத்தத்த” என்றாள். “நூத்துல அம்பது புள்ளைங்களுக்குக் கீது. சளின்னு நெனச்சேன். சுக்கு தட்டிப் போட்டேன்.”

வியாழக்கிழமை லோகநாதன் துறைமுகத்துக்குப் போகவில்லை. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பிள்ளைகளை மண்டபத்துக்கு மாற்றுவதை வீடு வீடாகத் தானே போய்ச் சொல்கிறேன் என்றார் பாலகணேஷ். “வேணாம் சார். வாங்குனது நானு. திருப்பிக் குட்க்கிறதும் நான்தான் குட்க்கணும்.”

ஆறு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்றார். “புள்ளைங்க பைய எடுத்து வையிங்க. ராயபுரம் மண்டபத்துக்குப் போவட்டும்.” சிலர் கோபப்பட்டார்கள். இன்றைக்கென்று கோழி வாங்கி வைத்திருந்த ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீசனுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

“இன்னா மாமா, விளையாட்டா கீதா உனுக்கு? அன்னிக்கு மார்தட்டிகினு எங்க தலையில கட்டுன. நாங்க இன்னா கலீஜாவா வெச்சிருந்தோம்? எம் பொண்டாட்டி புதுப் பெட்ஷீட் வாங்குனா!”

“நீ நல்லா வெச்சிருந்த. நானும் நல்லாத்தான் வெச்சிருந்தேன்.”

“பின்ன?”

“காத்து ஆவல ஜெகதீசா.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் ஜெகதீசன் உள்ளே திரும்பி, பிள்ளைகளின் பைகளை எடுக்கச் சொன்னான். இத்தனை வருஷமும் அதை யார் சொன்னாலும் சட்டையைப் பிடிக்கிற மனுஷன் மேஸ்திரி.

பத்து மணிக்கு வேன் வந்தது. பிள்ளைகள் பைகளோடு ஏறினார்கள். வெயில் ஏறி, தார் இளகிக் காலில் ஒட்டியது. ஜெரி கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் அவனுக்கு ஒரு தூக்கு நிறைய இறால் தொக்கு கொடுத்தாள். லோகநாதன் வீட்டுக்குள் போய், கார்குழலியின் பள்ளிக்கூடப் பையை எடுத்துவந்தார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, புதிதாக வாங்கிய ஸ்ப்ரே. அந்த வீட்டுப் பெண் பிள்ளை இதுவரை சொந்தக்காரர் வீட்டில்கூட ஒரு ராத்திரி படுத்ததில்லை.

“டீச்சர்” என்றார். பையை வேன் படியில் வைத்தார். மறுபடி, “டீச்சர், எங்க பொண்ணும் உங்க புள்ளைங்களோட படுத்துக்கட்டும். தொந்தரவு தர்றேன்னு நெனச்சுக்காதீங்க.”

சுகிர்தம் அவரைப் பார்த்தாள். பிறகு கார்குழலியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். “இடமா இல்ல அண்ணாச்சி? ஏறுட்டி.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெகதீசன் இரண்டெட்டு முன்னால் வந்தான். “மாமா, உம் பொண்ண அனுப்புற. அப்ப எம் புள்ள?”

லோகநாதன் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “பின்னாடி சீட்டு காலி கீது. இட்டாந்து ஏத்து.”

ஜெகதீசன் வீட்டுக்குள் போனான். மகனைத் தலைவாராத தலையோடு தூக்கிவந்து ஏற்றினான். அவன் பெண்டாட்டி அந்தப் புதுப் பெட்ஷீட்டைச் சுருட்டி ஜன்னல் வழியாகத் தந்தாள். கோழி வாங்கிய வீட்டுக்காரி தன் இரண்டு பெண்களோடு வந்தாள். அடுத்த சந்திலிருந்து, ரக்பி அணியிலேயே இல்லாத ஒரு சின்னப் பெண்ணை அவள் அப்பா இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் வரிசையில் நின்றார். டிரைவர் இறங்கி, இதற்குமேல் தாங்காது, இரண்டாவது நடை வருகிறேன் என்று கத்தினான்.

சுகிர்தம் படியில் நின்று எண்ணினாள். ராயபுரத்தில் இருக்கும் நிலவன் போக, பதிமூன்று பேரை ஏற்றிப்போக வந்தவள் இருபத்தேழு வரை எண்ணி நிறுத்தினாள். குனிந்து, லோகநாதனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“எங்க பிள்ளைக சனிக்கிழமை ரயில் ஏறிருவாக அண்ணாச்சி. அதுக்குப் பொறவு இந்தப் பிள்ளைகளை என்ன செய்யப் போறீங்க?”

வேனுக்குள்ளிருந்து கார்குழலி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தெரு மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியல டீச்சர்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “இன்னிக்கு இட்டுகினு போங்க.”